குத்துவிளக்கின் அடியில் ஆரோக்கியம்மாள்

அத்தியாயம் 4

திருடர்களில் சைக்கிள் திருடனுக்கு மட்டும் நான் கொஞ்சம் மரியாதை கொடுப்பேன். பூட்டை உடைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், வியர்க்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் தேடிப்போன ஆள் அந்த அளவுக்குக்கூட உழைப்பாளி இல்லை. ஒரு பெண் வரைந்த படங்களை எடுத்துத் தன் பெயரைப் போட்டு இணையத்தில் விற்றதோடு நில்லாமல், வரைந்தவள் மேலேயே திருட்டுப் புகாரும் கொடுத்திருந்தான்.

என் பெயர் அறிவுமதி. வயது முப்பத்தெட்டு, தலையில் முடி அதைவிடக் குறைவு. ஒரு காலத்தில் ஃப்ளெக்ஸ் டிசைனர். கடலூரில் காது குத்திய குழந்தைகளைச் சிங்கத்தின் மேலும், காலமான பெரியவர்களை மேகத்தின் மேலும் உட்கார வைத்தவன் நான்தான். இப்போது மாலதி துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். மாலதி மேடம் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரித்தவர். செத்தவரே நேரில் வந்து சொன்னாலும் சர்டிபிகேட் கேட்பார்.

காலை பத்து மணிக்கு நாங்கள் செம்மண்டலத்தில், ஜான்சியின் வீட்டு முன்னறையில் இருந்தோம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளத்தின் கறை. ஜான்சி கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய படங்களை வரைந்து ‘லேயர்பஜார்’ என்ற இணையச் சந்தையில் விற்பவள். குத்துவிளக்கு, வாழை மரம், கலசம், மயில் என்று மூன்று வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நிரூபிக்கலன்னா கணக்க மூடிடுவாங்க மேடம்” என்றாள் ஜான்சி. “மூடுனா எம்பேரு காப்பி அடிக்கறவங்க லிஸ்ட்டுக்குப் போயிடும். அப்புறம் எந்தச் சந்தையிலயும் கடை போட முடியாது.”

“புகார் குடுத்தது யாரு?”

“சிதம்பரம் ஸ்ரீதர். அகாடமி வெச்சிருக்காரு. நம்ம மாவட்ட டிசைனருங்க வாட்ஸப் குரூப்புக்கு அவுருதான் அட்மின். ‘திருடிக்கு இங்க எடமில்ல’ன்னு போட்டு என்னைத் தூக்கிட்டாரு. நூத்தி எண்பது பேரு இருக்கற குரூப்பு. ஒருத்தர் வாயத் தொறக்கல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. கணக்கு போவதைவிட அந்த நூற்றி எண்பது மௌனம்தான் அவளை அதிகம் அறுத்திருந்தது.

மாலதி மேடம் என் பக்கம் திரும்பினார். “அறிவு, இந்த லைசென்ஸ் சமாச்சாரம் இன்னான்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“இட்லி மாவு மேடம். கடையில பாக்கெட் மாவு வாங்கியாந்து, வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஊத்திக் குடுத்தா அது சாதா லைசென்ஸ். அதாவது படத்தை வாங்கி ஒரு கஸ்டமருக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுக்கலாம். அதே மாவுல கடை போட்டு தினம் இட்லி வித்தா, அதுக்குப் பெரிய லைசென்ஸ். படத்தை உள்ள வெச்சு டெம்ப்ளேட் செஞ்சு பல பேருக்கு விக்கலாம். ஆனா எந்த லைசென்ஸ் வாங்குனாலும் படத்தை மட்டும் தனியா விக்கக்கூடாது. பாக்கெட்டப் பிரிச்சு, அதே மாவ நம்ம பேரு போட்ட கவருல ஊத்தி வித்தா, அது ஸ்ரீதர்.”

“அவன் குடுத்த புகார்?”

“ஜான்சிதான் அவன் மாவ வாங்கிக் கவர் மாத்திட்டாங்களாம். புகார்ல இருக்கற இருபது படமும் தன் கையால வரைஞ்சது, வேற யாரோட சரக்கும் இதுல இல்லன்னு உறுதிமொழி குடுத்திருக்கான்.”

“நீ எப்ப வரைஞ்சம்மா?” என்று ஜான்சியைக் கேட்டார் மேடம்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஆனா பழைய லேப்டாப்பும் போனும் போன டிசம்பர் வெள்ளத்துல போயிடுச்சு. பென்டிரைவுல இருந்த காப்பியத்தான் ஜூன்ல ஏத்துனேன். அவுரு மார்ச்சுலயே ஏத்திட்டாரு. லேயர்பஜார்காரங்களுக்கு யாரு மொதல்ல ஏத்துனாங்கன்ற தேதிதான் பேசும்.”

நான் ஸ்ரீதரின் விளக்கையும் ஜான்சியின் விளக்கையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசல். அவன் செய்த ஒரே மாற்றம், மஞ்சளைக் கொஞ்சம் அடர்த்தியாக்கியது. அதையும் அவன் கையால் செய்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

“எதைப் பாத்து வரைஞ்சீங்க?” என்றேன்.

“எங்க கோயில் விளக்கு. உச்சியில சிலுவை இருக்கும். பத்திரிகைக்கு ஆகாதுன்னு அத எடுத்துட்டு அன்னம் வெச்சேன். மத்ததெல்லாம் அப்படியே போட்டோ மேல வெச்சு வரைஞ்சதுதான்.”

அப்படியே என்றால் என்ன என்று பார்க்க, ஸ்ரீதரின் விளக்கைப் பெரிதாக்கினேன். தண்டு, வளையம், அடித்தட்டு. தட்டின் விளிம்பில் மணிமாலை போல ஒரு வரி ஓடியது. இன்னும் பெரிதாக்கினேன். அது மணிமாலை இல்லை, எழுத்து. ‘காணிக்கை: ஆரோக்கியம்மாள், செம்மண்டலம், 1994.’

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நம்ம ஆளுங்க இருக்காங்களே மேடம், ஒரு டியூப்லைட் வாங்கிக் குடுத்தா பேரு எழுதுன எடம் போக மீதியிலதான் வெளிச்சமே வரும். இந்த ஆரோக்கியம்மாளும் அந்த ரகம். சாமிக்கு விளக்கு குடுத்தாங்களா, விலாசம் குடுத்தாங்களான்னு தெரியல.”

ஜான்சி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

“லேயர்பஜார்ல உக்காந்து புகார் பாக்கறவனுக்குத் தமிழ் தெரியுமா?” என்று கேட்டார் மேடம்.

“தெரியாது. கோலம்னு நெனைப்பான்.”

“நீ கோயிலுக்குப் போயி அந்த விளக்கப் போட்டோ எடுத்துட்டு வா. எழுத்து தெரியணும்.”

நான் போய்வர முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது ஜான்சியின் கண்கள் சிவந்திருந்தன. மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“கெளம்பு. சிதம்பரம்” என்றார். நான் இல்லாதபோது என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “ஒனக்குத் தெரிஞ்சா ஒம் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்” என்றார். என் மூஞ்சியைப் பற்றி என் மனைவி சொல்வதும் அதுதான்.

பஸ்ஸில் ஏறியதும் மேடம் போனை எடுத்தார். ஜான்சியிடம் எண் வாங்கி வந்திருந்தார் போல, அந்த வாட்ஸப் குரூப்பில் இருந்தவர்களில் பதினோரு பேருக்கு வரிசையாகப் பேசினார். குறிஞ்சிப்பாடி கொளஞ்சியப்பன், பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், நெய்வேலியில் இருவர். பதினோரு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் பதினோரு தடவையும் மேடம், “ஞாபகமில்லையா, சரிங்க” என்று வைத்தார்.

“எதை ஞாபகமில்லன்றாங்க?”

“முதுகெலும்ப எங்க வெச்சோம்னு” என்றார் மேடம்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு லாட்ஜின் மாடியில் ஸ்ரீதரின் வகுப்பு நடந்தது. வாசலில் எட்டடிக்கு ஃப்ளெக்ஸ்: ‘டிஜிட்டல் கோடீஸ்வரர் ஆவது எப்படி?’ நீல நிறக் கோட்டு போட்டுக் கைகட்டி நின்றிருந்தான் ஸ்ரீதர்.

“ஆளு ஜம்முனு இருக்கானே” என்றார் மேடம்.

“தலை மட்டும்தான் மேடம் அவனுது. அந்தக் கோட்டு உடம்ப நானே நூறு ஃப்ளெக்ஸ்ல ஒட்டியிருக்கேன். நாலு கவுன்சிலரு, ரெண்டு நகைக்கடை, ஒரு பல் டாக்டரு.”

மேலே நாற்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். வேலை தேடுகிற பிள்ளைகள், வேலையை விட்ட ஆண்கள், வீட்டில் தூங்கும் குழந்தையை நம்பி வந்திருந்த இரண்டு தாய்மார்கள். இப்படிப்பட்டவர்களைப் பிடித்துத்தான் கோடீஸ்வரர் ஆக்குகிறார்கள். கோடீஸ்வரர்களை யாரும் கோடீஸ்வரர் ஆக்க வருவதில்லை.

ஸ்ரீதரின் போன் புரொஜக்டரோடு இணைக்கப்பட்டிருந்தது. அவன் அதில் தொட்டதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

“வரையத் தெரியணுமான்னு கேக்கறாங்க ஃப்ரெண்ட்ஸ். வரையறவன் வரைஞ்சுட்டே இருப்பான். நாம விக்கணும்” என்றான் ஸ்ரீதர். “குரூப்புல வர்ற ஃபைலுக்கு ஓனர் கெடையாது. காத்துல வர்ற விதை மாதிரி. யாரு தோட்டத்துல மொளைக்குதோ அவன் மரம்.”

நாற்பது பேரும் அதை எழுதிக்கொண்டார்கள். மேடம் என் காதருகே, “இந்த ஒரு வாக்கியம் போதும்” என்றார். எதற்குப் போதும் என்று எனக்குப் புரியவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் மேடம் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் கூனிக்கொண்டார். “தம்பி, நான் புவனகிரிப் பக்கம். நீங்க விக்கற குத்துவிளக்கு ரொம்ப நல்லாருக்கு. அது நீங்களே வரைஞ்சதா, இல்ல காத்துல வந்ததா?”

சிரிப்பு எழுந்தது. ஸ்ரீதரும் பெருந்தன்மையாகச் சிரித்தான். “அது என் சொந்த உழைப்பும்மா. நம்ம நடராஜர் கோயில் விளக்கப் பாத்து மூணு நாள் உக்காந்து வரைஞ்சேன். ஒவ்வொரு கோடும் இந்தக் கை.”

“ஒருக்கா காட்டுங்களேன். பெருசா.”

புகழ்ச்சிக்கு மயங்காத திருடனை நான் இன்னும் பார்க்கவில்லை. சுவர் முழுக்க விளக்கு வந்தது.

“அடித்தட்டுல ஏதோ மாலை மாதிரி இருக்கே, அதை?”

பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். தன் சொந்த உழைப்பை அவன் அன்றுதான் முதன்முதலாக அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு பெண் உரக்கப் படித்தாள். “காணிக்கை, ஆரோக்கியம்மாள், செம்மண்டலம்.”

“நடராஜர் கோயில்லயா காணிக்கை குடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டு, நான் என் போனைத் தூக்கிக் காட்டினேன். அதில் சிலுவை வைத்த அசல் விளக்கு, அதே தட்டில் அதே எழுத்து.

நான் வெற்றி என்றே நினைத்தேன். ஆனால் ஸ்ரீதர் மாதிரி ஆட்களுக்கு வெட்கம் என்ற உறுப்பு பிறவியிலேயே கிடையாது. ஐந்து நொடியில் தெளிந்துவிட்டான்.

“ஓ, ஜான்சி அனுப்புன ஆளுங்களா?” என்றான். “சரி, நேராவே பேசுவோம். இது ஜான்சி வரைஞ்சதுதான். ஆனா அவுங்களே குரூப்புல எல்லாருக்கும் இலவசமாக் குடுத்தாங்க. போன வருஷம் பொங்கலுக்கு. குடுத்துட்டு இப்ப திருடிட்டான்னு ஆளு அனுப்புனா இன்னா நியாயம்? நீங்களே சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்.”

இலவசமாகவா? அந்தப் பெண் இதை எங்களிடம் மறைத்துவிட்டாளா? மேடத்தைப் பார்த்தேன். மேடத்தின் முகமும் வாடியது. என்னுடையது அசல் வாட்டம். அவருடையது இன்ஷூரன்ஸ் வாட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

“அப்படியெல்லாம் யாராவது சும்மா குடுப்பாங்களா தம்பி. நான் நம்பல” என்றார் மேடம்.

“நம்பலையா?” அவன் விரல்கள் பறந்தன. சுவரில் விளக்கு மறைந்து வாட்ஸப் வந்தது. மேலே தேதி: போன வருடத்து ஜனவரி 15. அனுப்பியவர்: ஜான்சி, செம்மண்டலம். பொங்கல் பானை, கரும்பு, மாடு, சூரியன் என்று பொம்மைகளாலேயே ஒரு தோரணம். பிறகு உழவர் பெருமை பற்றி யாரோ எழுதி ஊரெல்லாம் சுற்றி வந்த ஒரு நீண்ட வாழ்த்து. நடுவில்: ‘நான் வரைந்த இருபது படங்கள் நம் குரூப் நண்பர்கள் எல்லாருக்கும் என் பொங்கல் கிஃப்ட். எடுத்துக்கோங்க.’ அதன் கீழே ‘மேலும் படிக்க’ என்ற நீல எழுத்து.

“பாத்துக்கங்க” என்றான் ஸ்ரீதர், நாற்பது பேரையும் பார்த்து. “எடுத்துக்கோங்கன்னு அவுங்களே சொல்லியிருக்காங்க. எடுத்துக்கிட்டேன்.”

மேடத்தின் கூன் நிமிர்ந்தது. தலைப்பு தோளுக்குப் போனது.

“அறிவு, எடுத்துட்டியா?”

நான் அப்போதுதான் விழித்து, சுவரை ஒரு படமாகவும், பிறகு வீடியோவாகவும் எடுத்தேன்.

“ஸ்ரீதர், அந்த ‘மேலும் படிக்க’வ அழுத்துங்க.”

“எதுக்கு?”

“கிஃப்ட் வாங்குனவரு முழுசாப் படிக்க வேணாமா?”

அவன் தயங்கினான். முன் வரிசைப் பெண்ணுக்குத் தயக்கமே இல்லை. போன் அவள் எதிரே மேஜையில்தான் இருந்தது. எட்டி அழுத்திவிட்டாள். மீதி விரிந்தது. ‘உங்க கஸ்டமர் பத்திரிகைக்கு எவ்ளோ வேணா யூஸ் பண்ணிக்கோங்க. படத்தை மட்டும் தனியா விக்காதீங்க ப்ளீஸ். அது என் பொழப்பு.’

ஒன்றரை வருடமாக அவன் போனில் கிடந்த வரிகள். நம் ஊரில் பொங்கல் வாழ்த்தை யார் கடைசி வரை படித்திருக்கிறார்கள்? குரூப்பில் ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள். கும்பிடு போட்ட பொம்மையை அனுப்பிவிட்டு அடுத்த வாழ்த்துக்குப் போயிருப்பார்கள்.

“லேயர்பஜாருக்கு நீங்க குடுத்த உறுதிமொழியில ஒவ்வொரு கோடும் நான் வரைஞ்சதுன்னு இருக்கு” என்றார் மேடம். “இப்ப நாப்பது பேரு முன்னாடி ஜான்சி வரைஞ்சதுன்னு ஒத்துக்கிட்டீங்க. நீங்க ஏத்துனதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடி அவுங்ககிட்ட இருந்து வந்ததுக்குத் தேதியோட அத்தாட்சியும் நீங்களே காட்டிட்டீங்க. அவுங்க போனு வெள்ளத்துல போயிடுச்சு. குரூப்புல பதினோரு பேரக் கேட்டேன், அப்படி ஒரு மெசேஜே ஞாபகமில்லன்னாங்க. உங்க மேல பயம். உலகத்துல அத எனக்குக் காட்டக்கூடிய ஒரே ஆளு நீங்கதான். ரொம்ப நன்றி.”

நான் மேடத்திடம் மெல்லக் கேட்டேன். “அப்ப ஆரோக்கியம்மாள் எழுத்து?”

“அது சும்மா அவனத் தொரத்த. எழுத்த மட்டும் நம்பி வந்தா, கோயிலுக்குப் போயி விளக்கப் பாத்து நானும் வரைஞ்சேன்னு சொல்லிட்டா நாம இன்னா பண்றது? திருடிட்டேன்னு சொல்லவும் முடியாது, வரைஞ்சேன்னு சொல்லவும் முடியாதுன்னு ஆனா, கிஃப்ட்டுன்னு சொல்வான்னு தெரியும். அந்தப் பொங்கல் கிஃப்ட் சங்கதிய நீ கோயிலுக்குப் போயிருந்தப்பவே ஜான்சி சொல்லிட்டாங்க. காத்துல வந்த விதைன்னு அவனே பாடம் நடத்துனானே.”

முன் வரிசைப் பெண் எழுந்தாள். புவனகிரி கனிமொழி என்று மார்பில் அட்டை குத்தியிருந்தது. “சார், மறுவிற்பனை உரிமையோடன்னு சொல்லித்தானே போன வாரம் இந்த இருபது படத்தையும் எங்களுக்குக் குடுத்தீங்க. நான் அத என் கடையில ஏத்திட்டேன். எங்கடைய மூடிடுவாங்களா?”

தன்னிடம் இல்லாத உரிமையை நாற்பது பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த தர்மப்பிரபு, போன் ஒயரைப் பிடுங்குவதிலேயே மும்முரமாக இருந்தான். எனக்கு அவன் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும்.

“இப்பவே இறக்கிடும்மா. ஏமாந்து ஏத்திட்டேன்னு நீயே ஒரு கடிதம் போட்டுடு. விட்டுடுவாங்க” என்றார் மேடம் கனிமொழியிடம். அரங்கில் நாற்பது போன்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

நாங்கள் படியிறங்கும்போது ஸ்ரீதர் பின்னாலேயே ஓடி வந்தான். “சார், ஒரு நிமிஷம். நானும் மன்னிப்புக் கடிதம் போடணும்னா, அதுக்கு எதனா டெம்ப்ளேட் இருக்கா?”

“இருக்கு” என்றேன். “அதையாவது சொந்தமா எழுது மச்சான்.”

வீடியோ, படம், மேடம் ஆங்கிலத்தில் எழுதிய நான்கு வரி எல்லாம் மூன்று மணிக்கே லேயர்பஜாருக்குப் போய்ச் சேர்ந்தன. செம்மண்டலத்துக்கு நாங்கள் திரும்பியபோது மணி நாலே முக்கால். ஜான்சி திரையின் முன் அசையாமல் இருந்தாள். ஐந்தாக நாலு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. அவள் கணக்கு நீடிக்கும். புகார் கொடுத்தவரின் கடை முடக்கப்படுகிறது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மேஜையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். மேடம் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். மேடம் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குள் பழைய ஃப்ளெக்ஸ் தொழில் பழக்கத்தில் என் போனில் குரூப்பிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். கொளஞ்சியப்பனுக்கு ஞாபகம் திரும்பிவிட்டதாம். ‘அப்பவே நினைச்சேன்’ என்று அனுப்பியிருந்தார். நான் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினேன்.

ஜான்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு குத்துவிளக்கைத் திறந்தாள். அடித்தட்டைப் பெரிதாக்கினாள். பெயரை அழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அதாங்க நல்லது” என்றேன். “கல்யாணப் பத்திரிகையில அந்தம்மா பேரு எதுக்கு.”

அவள் அழிக்கவில்லை. அதன் நகலை எடுத்து, அன்னத்தை நீக்கி, உச்சியில் சிலுவையை மறுபடி வைத்தாள். அடித்தட்டு எழுத்தை யாரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினாள்.

“எங்கம்மா சார்” என்றாள், திரையைப் பார்த்தபடியே. “ஆஸ்பத்திரியில ஆயா வேலை. நான் பொறந்தப்ப பொழைக்க மாட்டேன்னுட்டாங்களாம். பொழைச்சா விளக்கு வாங்கி வெக்கறேன்னு வேண்டிக்கிட்டு, ரெண்டு வருஷம் சேத்து வாங்குனது. அம்மா பேரு வேற எங்கயும் எழுதி இல்ல. ரேஷன் கார்டுலகூட இப்ப இல்ல.”

புதுப் படத்துக்கு என்ன லைசென்ஸ் என்று லேயர்பஜார் கேட்டது. சாதா, பெரியது என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஜான்சி இரண்டையும் தொடாமல், மூன்றாவதாக இருந்த ‘விற்பனைக்கு அல்ல’ என்பதை அழுத்தினாள்.

மேடம் என்னைப் பார்த்தார். டியூப்லைட் ஜோக்கை நான் அன்றைக்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.